வரையறையின் இருவகை வழு

சென்ற பருவத் தேர்வில், 'காலங்காட்டுஞ் சொல் வினைச்சொல்' என்னும் வரையறையின் குற்றத்தை ஆராய்ந்து காட்டுக என ஒரு வினா வந்தது. 'அவன் நல்லன்' என்புழிக் குறிப்புவினையாகிய 'நல்லன்' காலத்தை வெளிப்படக் காட்டாமையின், இவ்வரையறை குன்றியது என்றெழுதி, மனமகிழ்ந்து எழுந்து வந்தேன். பாதி மதிப்பெண்ணே கிடைத்தது. யான் கூறியதிற் பிழையில்லை. கூறாது விட்டதிலேயே பிழை. அஃது எம் வகுப்பிற் பலர்க்கும் பொதுவாயிருந்தமையின் இதனை எழுதத் துணிந்தேன்.

வரையறையொன்று தான் தழுவவேண்டிய பொருள்களுட் சிலவற்றை விட்டுவிடுமாயின், அதனை அவ்வியாத்தி என்பர் தருக்க நூலார். புறத்தே நிற்பனவற்றையும் வளைத்துக்கொள்ளுமாயின் அதிவியாத்தி என்பர். 18-ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழிற் பெயர்த்தளித்தமையால், தருக்க நெறியைத் தமிழ்வழியே பயிலவும் நமக்கு இடமுண்டு. இவ்விரு வழுக்களையும் நம்மனோர் துலாக்கோலின் இரு தட்டுக்களாக எண்ணி, ஒன்று உளதாயின் மற்றொன்று இலதாம் என முடிவுகட்டிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒரே வரையறை ஒருபுறங் குன்றி, மறுபுறம் மிக்கும் நிற்கும். ஆதலின் இரண்டு வினாக்களையும் தனித்தனியே கேட்டல் வேண்டும்: வினைச்சொற்களெல்லாம் காலங்காட்டுமோ? காலங்காட்டுவனவெல்லாம் வினைச்சொற்களோ?

முன்னதை மட்டுங் கேட்டு யான் நின்றுவிட்டேன். பின்னதைக் கேட்டிருப்பின் 'வந்தவன்' என்னுஞ் சொல் எதிரே வந்து நின்றிருக்கும். அஃது இறந்தகாலங் காட்டுகின்றது. ஆயினும் 'வந்தவனை', 'வந்தவனுக்கு' என உருபேற்றுப் பெயராகின்றது.

தேர்வு முடிந்தபின் நண்பரொருவர், "ஒரு சொல்லைக் கூட்டினால் தீர்ந்தது, 'காலமும் பாலுங் காட்டுஞ் சொல் வினை' என்போம்" என்றார். கூட்டிப் பார்த்தோம். 'வந்து', 'வந்த' என்னும் எச்சங்கள் பால் காட்டாமையின் வெளியே போயின. போகவேண்டிய 'வந்தவன்' அசையாது உள்ளேயே இருந்தது! சொல் கூடக்கூட வரையறையின் எல்லை சுருங்குமேயன்றி விரியாது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ஒன்றாகிய மிகைபடக் கூறலை அதிவியாத்தியோடு ஒன்றாக்கி எழுதுவோர் இதனை நினைத்தல் நன்று. முன்னது சொல்லின் மிகை. பின்னது பொருளெல்லையின் மிகை.

இனித் தொல்காப்பியர் செய்ததைக் காண்போம். வேற்றுமை கொள்ளாமை, ஆராயுமிடத்துக் காலத்தோடு தோன்றுதல் என இரண்டு அடையாளங்களை அவர் வைத்தார். இரண்டும் எதற்கு என்பதனைச் சேனாவரையர் விளக்குகின்றார். காலத்தை மட்டுங் கூறின், காலங்காட்டுந் தொழிற்பெயரும் வினையாய்விடும். வேற்றுமை கொள்ளாமையை மட்டுங் கூறின், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் உட்புகும். இரண்டையும் சேர்த்தவழி இரு வாயிலும் அடைபடுகின்றன. 'ஆராயுமிடத்து' என்ற அடை ஆசிரியர் தப்பிக்கும் வழியோ என்று யான் முதலில் ஐயுற்றதுண்டு. 'பண்டு நல்லன்', 'இப்பொழுது நல்லன்' என்று சொல்லிப் பார்த்தபோது ஐயம் நீங்கிற்று. குறிப்புவினையிலுங் காலம் உண்டு, மறைந்திருக்கின்றது.

இவை தேர்வு மண்டபத்தோடு ஒழிவனவல்ல. மாணவர்க்குப் பொருளுதவும் அறநிதியொன்றின் விதியில், தந்தையை இழந்தவரே வறிய மாணவர் என்றிருந்தது. என்னோடு பயின்ற ஒருவரின் தந்தையார் உயிரோடிருந்தார். ஆனால் வாதநோயால் ஈராண்டாகப் பாயிற் கிடந்தார். விதி அவரை வெளியே நிறுத்திற்று. தந்தையை இழந்தவராயினும் நிலபுலன் மிக்க வேறொருவர் அவ்வாண்டு உதவி பெற்றார். ஒரே வரியில் இரண்டு வழுக்கள். விதியை எழுதியோர் இரக்கமற்றவரல்லர் என்பதை யான் அறிவேன். இரண்டாவது வினாவை மட்டுமன்றி முதல் வினாவையும் அவர்கள் கேட்டிலர். என் நண்பர் இப்போது அச்சகமொன்றில் எழுத்துப் பிழை திருத்துகின்றார். இக்கட்டுரையின் கையெழுத்துப் படியையும் அவரே படித்து, இரண்டிடங்களிற் சந்தியைத் திருத்தித் தந்தார்.