இணையம் இல்லாத கருவி உரிமத்தை எப்படிச் சோதிக்கிறது?

கைப்பேசியில் நீங்கள் சந்தா கட்டிப் பயன்படுத்தும் செயலி, அந்தச் சந்தா இன்னும் செல்லுமா என்று நிறுவனத்தின் கணினியிடம் இணையம் வழியாகக் கேட்டுக்கொள்கிறது. மின்நிலையம், நீர்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் இப்படிக் கேட்க வழி இருக்காது. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பைப் பல இடங்களில் வேண்டுமென்றே இணையத்திலிருந்து துண்டித்து வைத்திருப்பார்கள். அதற்குள்ளும் ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர்க் கருவி உண்டு. அதன் பல வசதிகள் உரிமம் இருந்தால்தான் வேலை செய்யும்.

ஆகவே உரிமத்தைக் கையில் எடுத்துச் செல்கிறார்கள். கருவியின் வரிசை எண்ணை வேறொரு கணினி மூலம் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் பதிந்தால், சிறிய உரிமக் கோப்பு ஒன்று கிடைக்கும். அதை விரலியில் கொண்டுவந்து கருவியில் ஏற்றுவார்கள். கோப்பில் வரிசை எண்ணும் இருப்பதால், பக்கத்துக் கருவிக்கு அது செல்லாது.

சரி, கோப்பைத் திறந்து காலாவதி ஆண்டை 2026 என்பதிலிருந்து 2036 ஆக்கிவிட்டால்? உண்மையா பொய்யா என்று கருவி யாரிடம் கேட்கும்?

யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கோப்பின் அடியில் மின்னிலக்கக் கையொப்பம் இருக்கிறது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் 1977இல் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணிப்பானை எடுங்கள்.

கோப்பிலுள்ள விவரங்களைச் சுருக்கினால் கிடைக்கும் எண் 4 என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளரின் ரகசியச் சாவி 7. நான்கை ஏழு முறை பெருக்கினால் 16,384. அதை 33ஆல் வகுத்தால் மீதி 16. இதுவே கையொப்பம். கருவிக்குள் இருப்பது பொதுச் சாவியான 3 மட்டுமே. 16ஐ மூன்று முறை பெருக்கினால் 4,096. 33ஆல் வகுத்தால் மீதி? அதே 4! ஆண்டை மாற்றியிருந்தால் சுருக்க எண் 5 என்றோ 9 என்றோ மாறியிருக்கும். கையொப்பமோ 4 என்றே சொல்லும். கருவி கோப்பை ஏற்காது.

33 என்பது 3 பெருக்கல் 11 என்று கண்டுபிடித்தவர் ரகசியச் சாவியையும் கணக்கிட்டுவிடலாம். அதனால்தான் நடைமுறையில் 617 இலக்க எண்களைப் பயன்படுத்துகிறார்கள். 2020இல் 250 இலக்க எண் ஒன்றைக் காரணிகளாகப் பிரிக்கவே ஏராளமான கணினிகள் தேவைப்பட்டன.

கடிகாரம் வேறொரு தொல்லை. இணையம் இல்லாததால் கருவி தன் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் காலாவதியான உரிமமும் உயிர்பெறும். இதைத் தடுக்க, கடைசியாகக் கண்ட நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி கருவியை அமைக்கலாம்.

கணக்கு சரியாக இருந்தும் ஏமாற முடியுமா? முடியும். 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல் ஈரானின் அணுச் செறிவூட்டல் கருவிகளைக் குறிவைத்தது. விரலி வழியாகப் பரவக்கூடிய அது, உண்மையான கையொப்பங்களோடு வந்தது. தைவானைச் சேர்ந்த இரு நிறுவனங்களின் ரகசியச் சாவிகள் திருடப்பட்டிருந்தன. நம் கணக்கில் சொன்னால், 7 வேறொருவர் கைக்குப் போய்விட்டது. இத்தகைய சாவிகளைக் காக்கவே தனிப் பெட்டகக் கருவிகள் இருக்கின்றன. கையொப்பமிடும் வேலை அதற்குள்ளேயே நடந்து முடியும். சாவி வெளியே வராது.