கல்லான பல் சொல்லும் கதை

நமது பர்வதமலையிலும் சவ்வாது மலையிலும் எத்தனை நாள் தேடினாலும் கல்லாகிப்போன மீன்முள் ஒன்றுகூடக் கிடைக்காது. காரணம் தெரியுமா? இவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான மிகப் பழைய பாறைகள். கடலடிச் சேறு போன்றவை படிந்து இறுகிய பாறைகளே தொல்லுயிர் எச்சங்களைக் காத்து வைக்கும். அத்தகைய பாறைகள் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் உள்ளன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரருகே, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுறாக்களின் பற்கள் களிமண்ணில் கிடைத்துள்ளன.

சுறாவுக்கும் திருக்கைக்கும் உடலில் இருப்பது குருத்தெலும்பு. அது விரைவில் அழுகிவிடும். பற்களோ உறுதியானவை, விழ விழப் புதிதாக முளைப்பவை. ஆகவேதான் பற்களே மிகுதியாகக் கிடைக்கின்றன.

அவற்றை அடையாளம் காண்பது எப்படி? கூர்மையாய், பளபளப்பாய், அடியில் சொரசொரப்பான வேருடன் இருந்தால் அது சுறாப்பல். தரையில் பதித்த ஓடுகளைப் போல் தட்டையாக இருந்தால், சிப்பிகளை நொறுக்கித் தின்னும் திருக்கை வகையின் பல்லாகலாம். நீண்டு தட்டையாய், இரு ஓரமும் ரம்பம்போல் இருந்தால் அது திருக்கையின் வால்முள். இருபுறமும் குழிந்து, நடுவில் உடுக்கைபோல் ஒடுங்கியிருந்தால் அது எலும்பு மீனின் முதுகெலும்புத் துண்டு. வீட்டில் மீன் குழம்பு வைக்கும் நாளில் முள்ளைக் கழுவிப் பாருங்கள். உடுக்கை வடிவம் தெரியும்!

கல்லான சுறாப் பற்களை முற்காலத்து ஐரோப்பியர் 'நாக்குக்கல்' என்றழைத்தனர். 1666-இல் நிக்கலாஸ் ஸ்டெனோ என்னும் மருத்துவ அறிஞர் இத்தாலியில் ஒரு சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்து, அவை சுறாப் பற்களே என்று விளக்கினார். பின்னாளில் கத்தோலிக்க ஆயரான அவருக்கு 1988-இல் முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. நம் நாட்டில், புதுச்சேரி அருகே கேய், கன்லிஃப் ஆகியோர் சேகரித்த மீன் எச்சங்களைப் பற்றி 1845-இல் பிலிப் எகர்ட்டன் எழுதினார்.

ஒரு சிறு பல்லால் என்ன பயன் என்று கேட்கலாம். தக்காணத்தின் எரிமலைப் பாறைகளுக்கு இடையே கிடைத்த 'இக்டாபாட்டிஸ்' என்னும் திருக்கையின் பற்களை 1993-இல் பிரசாத், காப்பெட்டா ஆகியோர் விவரித்தனர். அவ்வெரிமலைகள் பொங்கிய காலத்தைக் கணிக்க அப்பற்கள் உதவின. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிதன்றோ!

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாக அரைபடுகிறது. அதனுடன் எத்தனை எச்சங்கள் பொடியாகின்றனவோ! ஆகவே, தோழியரே, சுற்றுலாவில் இத்தகைய கல்லைக் கண்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்து, படமெடுத்து, ஆசிரியரிடம் கூறுங்கள். இடம் தெரியாத எச்சம், முகவரி இல்லாத கடிதம் போன்றது. அறிந்து காப்போம்; காத்து அறிவோம்!