கடைசி பெஞ்சுக்கும் படம் தெரிய வேண்டும்

கல்லூரியில் உலக சினிமா விழா என்றதும் மாணவர்கள் படப் பட்டியலோடு வந்து நிற்பார்கள். நான் முதலில் கேட்பது பஸ் நேரத்தை. எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். நாலரை மணி வண்டியை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். பெண்கள் விடுதியில் ஆறு மணிக்கு அட்டெண்டன்ஸ். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, படமும் அதைப் பற்றிய பேச்சும் நாலே காலுக்குள் முடிந்தாக வேண்டும். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் ஓடும். எவ்வளவு ஆசை இருந்தாலும் ஒரு கல்லூரி மதியத்துக்குள் அது அடங்காது. அவருடைய 'ரஷோமோன்' (1950), இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948), ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) மூன்றும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டியவை. மூன்று நாள் விழாவுக்கு இவையே போதும். ஒரே நாளில் நான்கு படம் போட்டால் மாலையில் எந்தக் காட்சி எந்தப் படத்தில் வந்தது என்றே பிள்ளைகளுக்குக் குழம்பிவிடும்.

தொடக்கத்துக்கு ஆல்பர்ட் லமோரிஸ் எடுத்த பிரெஞ்சுக் குறும்படம் 'தி ரெட் பலூன்' (1956). 34 நிமிடம்தான்; வசனம் மிகக் குறைவு. பாரிஸ் தெருக்களில் ஒரு பையனும் அவன் பின்னாலேயே வரும் சிவப்பு பலூனும். வேற்றுமொழிப் படம் என்றால் நமக்குப் புரியாது என்ற பயத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள், அதை முழுக்கப் புரிந்துகொண்டோம் என்ற தெம்போடு அடுத்த படத்துக்குத் தயாராகிவிடுகிறார்கள்.

அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஈரானும் இத்தாலியும் அந்நியமே அல்ல. கீழே ஓடும் ஆங்கில எழுத்துதான் அவர்களைத் தள்ளி நிறுத்துகிறது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். இரண்டு வரி தவறினால் கதை நழுவும். அப்புறம் கை தானாக செல்போனுக்குப் போகும். "பசங்களுக்கு டேஸ்ட் இல்லை சார்" என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதே படத்தைத் தமிழ் எழுத்துகளோடு போட்டபோது அதே பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆகவே விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே சப்டைட்டில் வேலையைத் தொடங்கிவிடுங்கள். பேனர், அழைப்பிதழ், சிறப்பு விருந்தினர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு மாணவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கொரியன் சீரியல்களை இரவெல்லாம் பார்க்கும் பெண்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். சப்டைட்டில் எந்த வேகத்தில் ஓட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பது அவர்களுக்குக் கண்பழக்கம். அவர்களோடு தமிழ்த்துறை மாணவர்கள் இருவரைச் சேர்த்துவிட்டால் குழு தயார்.

சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு: வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வசனம். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருள் போதும். பாரசீகமோ இத்தாலியனோ தெரிந்தவர் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். ஆங்கில சப்டைட்டிலிலிருந்துதான் செய்ய வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சுருக்கித்தான் ஆக வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் பேச்சு பேச்சுத்தமிழிலேயே இருக்கட்டும். வசனத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் திரையில் தெரியும் எழுத்தை விட்டுவிடுவார்கள். 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தில் காலணி தொலைந்த விஷயம் அப்பா அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று, அதே அறையில் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல அண்ணனும் தங்கையும் நோட்டில் எழுதியே பேசிக்கொள்வார்கள். படத்தின் முடிச்சே அங்கேதான் விழுகிறது. அந்த நோட்டு வரிகள் தமிழில் வராவிட்டால், பின்னால் ஒரே ஜோடி ஷூவை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவது ஏன் என்று யாருக்கும் விளங்காது.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் பிரதிக்குச் செய்த கோப்பை 24 ஃப்ரேம் பிரதியில் போட்டால், தொடக்கத்தில் சரியாக இருப்பதுபோலத் தெரிந்து, போகப் போக விலகி, ஒன்றரை மணி நேரப் படத்தின் முடிவில் மூன்று நிமிடத்துக்கும் மேல் முந்திப்போய் நிற்கும். முதல் பத்து நிமிடத்தோடு கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, சில பிளேயர்களில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். விழா நடக்கும் அதே லேப்டாப்பில் சோதிப்பது அவசியம். கோப்பை யுனிகோடில் சேமித்தும் சரியாகவில்லையென்றால் எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுவது நிம்மதி.

இனி அரங்கம். நம் செமினார் ஹால்கள் பெரும்பாலும் தரை மட்டமானவை. முன்னால் இருப்பவர் தலை சரியாக சப்டைட்டில் இருக்கும் இடத்தை மறைக்கும். முந்தின நாளே ஆறேழு பேரை முன்வரிசைகளில் உட்காரவைத்து, நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, கீழ்வரி முழுதாகப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் திரையை ஏற்றிக் கட்டுங்கள். உயரம் போதாவிட்டால் முன்பகுதி நாற்காலிகளை எடுத்துவிட்டு ஜமக்காளம் விரிக்கலாம். வென்டிலேட்டர்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். கரண்ட் போனால் புரொஜெக்டர் அணைந்து, விளக்கு சூடு தணிந்த பிறகுதான் திரும்ப எரியும். அதற்கு மட்டுமாவது தனியாக யூபிஎஸ் கொடுங்கள்.

அனுமதி பற்றி நிறையப் பேர் பேசுவதே இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், கல்வி நிறுவனத்தின் பணியாகத் திரையிடும்போது பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்தால் விலக்கு தருகிறது. ஊரைக் கூட்டினாலோ டிக்கெட் போட்டாலோ கதை வேறு. அப்போது உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன் படங்கள் என்றால் சென்னையில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸுக்கும் கோதே இன்ஸ்டிட்யூட்டுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். முதலாண்டு மாணவர்களில் பதினேழு வயதுக்காரர்களும் இருப்பார்கள் என்பதால் எந்தப் படத்தையும் ஓர் ஆசிரியர் முழுதாகப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

படம் முடிந்ததும் மைக்கை விருந்தினரிடம் கொடுத்தால், அவர் அரை மணி நேரம் பேசுவார், பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். "இந்தப் படம் சொல்லும் கருத்து என்ன?" என்று தேர்வுக் கேள்வி கேட்டாலும் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் ஒரு ஷாட்டைக் கேட்பேன். 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' முடிவதற்குச் சற்று முன், அப்பாவின் சைக்கிளில் என்ன இருந்தது? சில நொடிகளே வரும் காட்சி அது. பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பின்வரிசையில் யாராவது ஒரு பிள்ளை, "புது ஷூ சார், ரெண்டு ஜோடி," என்று சொல்லும். "இல்லவே இல்லை" என்று இன்னொரு குரல் வரும். உடனே அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் காட்டுவோம். தன் வெற்றி வீணாயிற்று என்று பையன் அழுகிறான், புது ஷூ வீட்டுக்கு வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரிகிறது என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள். வாயே திறக்காத மாணவர்கள் அன்று பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

'ரஷோமோன்' போடும் ஆண்டில், எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) படத்தை மறுநாள் கட்டாயம் போடுங்கள். ஒரே சாவைப் பலர் பலவிதமாகச் சொல்லும் உத்தியை, ஜப்பானியப் படம் வெளிவந்த நான்கே ஆண்டுக்குள் தமிழில் ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் ஒரு பாட்டுகூட இல்லாமல். இது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிப்பவர்களும் சிவாஜியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படம் முடியும் இடத்தில் தமிழ் சப்டைட்டில் செய்த மாணவர்களின் பெயரையும் துறையையும் திரையில் காட்டுங்கள். தன் வகுப்புத்தோழி பெயர் ஒரு ஈரானியப் படத்தின் கீழே வருவதைப் பார்த்தவர்களில் சிலர் அன்று மாலையே வந்து, "அடுத்த வருஷம் நாங்க செய்றோம் சார்" என்று கேட்பார்கள். அவர்கள் பெயரை அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் தேர்வுத் தேதி வருவதற்குள் ஹாலையும் பதிவு செய்துவிடுங்கள்.