பன்னிரண்டு கோட்டைகளுக்கு ஒரே வாக்கியம்

செஞ்சியின் ராஜா தேசிங்கு கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு 2025 ஜூலையில் ஒரு சின்னக் குழப்பம் வந்திருக்கும். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆனால் ஏறிய பெயர் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’. பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட அந்தத் தொகுப்பில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. ராய்கட், பிரதாப்கட், சிந்துதுர்க் வரிசையில் நம்மூர்ச் செஞ்சிக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். 1689இல் ராய்கட் முகலாயர் கைக்குப் போனபோது அவருடைய மகன் ராஜாராம் தெற்கே தப்பி வந்து, இங்கிருந்தபடியே ஆட்சியை நடத்தினார். ஔரங்கசீப்பின் படை 1690இல் போட்ட முற்றுகை 1698 வரை இழுத்தது. செஞ்சியை உருவிவிட்டால், மராட்டிய அரசு அழியாமல் தப்பிப் பிழைத்த எட்டு ஆண்டுக் கதையே தொகுப்பிலிருந்து விழுந்துவிடும். பல இடங்களைச் சேர்த்து முன்மொழிவு தயாரிக்க உட்காரும் எவருக்கும் இதுதான் அரிச்சுவடி: ‘இந்த இடம் இங்கே எதற்கு?’ என்ற கேள்வி ஒவ்வோர் இடத்துக்கும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் வேண்டும்.

ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடக்கும் இடங்களை ஒரே பெயரில் சேர்ப்பது தொடர் முன்மொழிவு. இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இருந்தால் அது எல்லை தாண்டிய முன்மொழிவு. இரண்டும் ஒரே கோப்பில் கலந்தும் வரும். தமிழ் வாசகருக்கு இவை புதியவை அல்ல. தமிழ்நாட்டுக்குப் பங்குள்ள ஐந்து பதிவுகளில் மாமல்லபுரம் ஒரே ஊருக்குள் அடங்கிவிடுகிறது. சோழர் கோயில்கள், மலை ரயில், மேற்குத் தொடர்ச்சி மலை, செஞ்சி ஆகிய நான்கும் தொடர்களின் உறுப்புகள். இலங்கையின் மத்திய மலைநாடும் அப்படித்தான்: சிவனொளிபாத மலைக் காப்பகம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடு ஆகிய மூன்றும் சேர்ந்து 2010இல் பதிவாயின.

முதலில் வாக்கியம்

புகைப்படம், வரைபடம், அமைச்சரின் முன்னுரை எல்லாம் பிறகு. முதலில், இடங்களின் பெயரையே சொல்லாமல், இந்தத் தொகுப்பு உலகத்துக்கு ஏன் முக்கியம் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பெயர்களை எடுத்ததும் வாக்கியம் நொண்டினால், கையில் இருப்பது வெறும் பட்டியல் என்று பொருள். 1972ஆம் ஆண்டு உலகப் பாரம்பரிய உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் வழிகாட்டு நெறிகள் இதில் கறாரானவை. உலகளாவிய தனிச்சிறப்பு தொகுப்பு முழுமைக்கும் இருக்க வேண்டும். தனித்தனி உறுப்புக்கு அது இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

வாக்கியம் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் படைப்புகளே சாட்சி. பிரான்ஸ் தலைமையில் ஆறு நாடுகளின் 22 இடங்களோடு 2009இல் கோப்பு உலகப் பாரம்பரியக் குழுவின் முன் வந்தது. கூடுதல் தகவல் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 2011இல் 19 இடங்களாகச் சுருங்கி மறுபடி வந்தது. பண்பாட்டுச் சின்னங்களை மதிப்பிடும் ஐக்கோமாஸ் அமைப்பு ‘சேர்க்க வேண்டாம்’ என்றே பரிந்துரைத்தது. குழு சற்று இரங்கி, ஒத்திவைத்தது. ஒரு மனிதரின் திறமைக்கு மாலை போடுவது இந்தப் பட்டியலின் வேலையல்ல என்பதுதான் சிக்கலின் வேர். மூன்றாம் முறை வாக்கியத்தையே மாற்றினார்கள். நவீனக் கட்டடக்கலை இயக்கத்துக்கு இந்தக் கட்டடங்கள் தந்த பங்களிப்பு முன்னுக்கு வந்தது.  சண்டிகரின் கேப்பிடல் வளாகத்தோடு இந்தியாவும் உள்ளே வர, ஏழு நாடுகளின் 17 இடங்கள் 2016இல் இஸ்தான்புல் கூட்டத்தில் பதிவாயின. 

பிறகு கத்தரிக்கோல்

வாக்கியம் கிடைத்ததும் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுப்பது என்றால், உண்மையில், கழிப்பது.

ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிய ஏரிகளிலும் சதுப்புகளிலும் கி.மு. 5000 முதல் 500 வரை மக்கள் மரக்கால் நட்டு, அதன்மேல் வீடு கட்டி வாழ்ந்தார்கள். ஆறு நாடுகளில் தெரியவந்த அத்தகைய தொல்லியல் இடங்கள் 937. அவற்றில் 111ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்கள், 2011இல் பதிவானது. எட்டில் ஏழு பங்கைக் கழிக்கத் துணிந்ததுதான் அந்தக் கோப்பின் பலம் என்று சொல்லலாம்.

இப்படிக் கழிப்பதற்கு ஒரு பெரிய தாளே போதும். இடங்களை வரிசையாக இடப்பக்கம் எழுதி, வாக்கியத்திலிருந்து பிறக்கும் பண்புகளை மேலே எழுத வேண்டும். கோட்டை என்றால் மலைமீதா, காட்டுக்குள்ளா, பீடபூமியிலா, கடற்கரையிலா, தீவிலா, எந்தக் காலம், கட்டுமானம் எவ்வளவு மிச்சம் என்று கட்டங்கள் வரும். இரண்டு வரிசைகள் ஒரே மாதிரி நிரம்பினால் ஒன்றை அடிக்க வேண்டும். எந்தக் கட்டமும் நிரம்பாத இடம், எவ்வளவு புகழ் பெற்றதானாலும், வெளியே. ‘எங்கள் மாவட்டத்தை ஏன் விட்டீர்கள்?’ என்று தொலைபேசி வரும்போது இந்தத் தாளைத்தான் காட்ட வேண்டும். அதனால் அதைத் தொடக்கத்திலேயே போட்டுவைப்பது நல்லது. தொலைபேசி வந்தபின் போடும் அட்டவணையை யாரும் நம்பமாட்டார்கள்.

ஒப்பாய்வையும் இரண்டு அடுக்காகச் செய்ய வேண்டும். உலகில் இதுபோன்ற வேறு தொகுப்புகள் எவை, பட்டியலில் இதற்கு இடம் காலியாக இருக்கிறதா என்பது முதல் அடுக்கு. இதே வகையைச் சேர்ந்த மற்ற இடங்களை விட்டு இவற்றை ஏன் எடுத்தோம் என்பது இரண்டாவது. பலரும் முதல் அடுக்கைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, இரண்டாவதில் கோட்டைவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்க்கவும் தேவையில்லை. முதல் இடம் தன்னளவில் தகுதி உடையதானால், மற்றவை பின்னால் வரலாம். 1987இல் தஞ்சைப் பெரிய கோயில் மட்டுமே பதிவானது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் சேர்ந்தன. டார்ஜிலிங் ரயில் 1999, நீலகிரி ரயில் 2005, கல்கா–சிம்லா 2008. இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு வழி உண்டு. பட்டுப்பாதை முழுவதையும் ஒரே கோப்பில் அடைக்க முடியாது என்று கண்ட அறிஞர்கள் அதை ஐம்பதுக்கும் மேற்பட்ட வழித்தடங்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். சீனாவின் 22, கசகஸ்தானின் 8, கிர்கிஸ்தானின் 3 என 33 இடங்கள் கொண்ட சாங்கான்–தியான்ஷான் வழித்தடம் 2014இல் பதிவானது. தாஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றும் சேர்ந்த அடுத்த வழித்தடம் 2023இல்.

பக்கத்து வீட்டுக்காரர்

எல்லை தாண்டிய கோப்பில் ஒவ்வொரு நாடும் தன் பகுதியை, இனி முன்மொழிய நினைக்கும் இடங்களுக்கான தன் தற்காலிகப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும்; கடைசியில் எல்லா நாடுகளும் கையெழுத்திட வேண்டும். ஒரு சலுகையும் உண்டு. இப்போது ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு முன்மொழிவுதான் தரலாம். கூட்டுக் கோப்போ, பங்காளிகள் தங்களுக்குள் பேசித் தேர்ந்தெடுக்கும் ஒரே நாட்டின் கணக்கில்தான் விழும். மற்றவர்களின் வாய்ப்பு அப்படியே இருக்கும்.

பேச்சுவார்த்தையை எப்போது தொடங்குவது என்பதுதான் சூட்சுமம். ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் ஆகிய மூன்றும் தங்கள் வாடன் கடலைக் காக்க 1978இலேயே ஒன்றாக உட்கார்ந்தன. பட்டியலில் இடம் 2009இல்தான் கிடைத்தது. டென்மார்க்கின் பகுதி 2014இல் சேர்ந்தது. மேலாண்மை முப்பது ஆண்டு ஓடிய பிறகு கோப்பு எழுதினால் ஐந்தாம் அத்தியாயம் தானே எழுதிக்கொள்ளும். ஐந்தாவது, பாதுகாப்பும் மேலாண்மையும் பற்றிய அத்தியாயம். போஸ்னியா, குரோவேஷியா, மாண்டினீக்ரோ, செர்பியா ஆகிய நாடுகளின் கதை இன்னும் வியப்பானது. 1990களில் போரில் சிதறிய மண் அது. ஸ்டெச்சி எனப்படும் இடைக்காலக் கல்லறைக் கற்கள் உள்ள 28 இடங்களுக்காக நான்கும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, 2016இல் பட்டியலில் ஏறின.

பேசாமல் போனாலும் பாடம் இருக்கிறது. பிரேய விகார் கோயில் கம்போடியாவுடையது என்று 1962இலேயே சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனாலும் சுற்றியுள்ள நிலம் தகராறில் இருந்தது. 2008இல் கம்போடியா தனியாகப் பதிவுபெற்றபோது, அதற்கு ஆதரவாகக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்ட தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் எல்லையில் துப்பாக்கிகள் வெடித்தன. எல்லைக்கோடே தகராறில் இருக்கும் இடத்தில் வரைபடம் வரையும் முன் வெளியுறவுத் துறையின் கதவைத் தட்டுவது அவசியம்.

கையெழுத்து வாங்கிவிட்டால் நிம்மதி என்றும் இல்லை. ரோமானியப் பேரரசின் டானூப் எல்லைக்காக நான்கு நாடுகள் பல ஆண்டுகள் உழைத்தன. 2021 கூட்டத்துக்குச் சற்று முன்னால் ஹங்கேரி விலகிக்கொண்டது. ஆஸ்திரியா, ஜெர்மனி, ஸ்லோவாக்கியா மூன்றும் தங்கள் 77 இடங்களோடு பதிவுபெற்றன. ஒரு பங்காளி எழுந்து போனாலும் வாக்கியம் நிற்குமா என்று முன்கூட்டியே சோதித்து வைப்பது புத்திசாலித்தனம்.

எல்லை, சட்டம், மக்கள்

ஒவ்வோர் உறுப்பிடத்துக்கும் தனி எண், பெயர், மையப்புள்ளியின் அட்சரேகை–தீர்க்கரேகை, பரப்பு, சுற்றியுள்ள காப்பு வளையத்தின் பரப்பு, வரைபட எண் என ஓர் அட்டவணை கேட்பார்கள். அலுப்பான வேலை, ஆனால் கோப்பு முழுமையற்றது என்று திரும்புவதைத் தவிர்க்க இதில் தப்பு வரக்கூடாது. சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறலாம். ஒரு கல்லைப் பெயர்த்தால் எந்தச் சட்டப்படி யார் கேட்பார் என்பதற்கு மட்டும் எல்லா இடத்திலும் பதில் இருக்க வேண்டும்.

சங்கிலியின் பலவீனமான கண்ணியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜியாவில் பக்ராட்டி தேவாலயமும் கெலாட்டி மடாலயமும் 1994இல் ஒன்றாகப் பதிவாயின. பக்ராட்டியைப் புதுப்பிக்கிறோம் என்று புதிதாகவே கட்ட முனைந்ததில், 2010இல் இரண்டும் சேர்ந்து ஆபத்துப் பட்டியலுக்குப் போயின. 2017இல் பக்ராட்டியை வெட்டிவிட்டுத்தான் கெலாட்டி மீண்டது.

உறுப்பிடங்களில் வாழ்பவர்களின் சம்மதம் இல்லாமல் இப்போது எதுவும் எளிதில் நகராது. தாய்லாந்தின் கெங் கிராச்சான் காட்டில் வாழும் கரேன் மக்களின் உரிமைப் பிரச்சினை எழுந்ததால், அந்தக் கோப்பு மூன்று முறை திரும்பி, 2021இல்தான் தேறியது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. நான்கு மாநிலங்களின் 39 இடங்கள், ஏழு கொத்துகள் கொண்ட அந்தத் தொகுப்பை இயற்கைப் பாதுகாப்புக்கான ஐயுசிஎன் ஒத்திவைக்கச் சொன்னது. குழு அதைத் தாண்டி 2012இல் சேர்த்துக்கொண்டது. அப்படித் தாண்டிக் குதிப்பதை நம்பித் திட்டம் போடுவது விவேகமல்ல.

நாட்காட்டி

தற்காலிகப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். புதிய நடைமுறைப்படி முதற்கட்ட மதிப்பீட்டுக்கு செப்டம்பர் 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிக்கை வந்தபின் முழுக் கோப்பைத் தர 12 மாதமாவது இடைவெளி விட வேண்டும். வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்க செப்டம்பர் 30, முழுக் கோப்புக்கு பிப்ரவரி 1. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுத வேண்டும். பிறகு நிபுணர்கள் நேரில் வருவார்கள். தீர்ப்பு அடுத்த ஆண்டின் நடுவில்.

நிபுணர் வரும்போது கடைசி உறுப்பிடத்துக் காவலாளியும் ‘இந்த இடம் இங்கே எதற்கு?’ என்ற கேள்விக்குத் தன் சொற்களில் பதில் சொல்லக்கூடியவராக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தீர்ப்பு நான்கு வகை: சேர்ப்பு, கூடுதல் தகவலுக்காகத் திருப்புதல், ஒத்திவைப்பு, மறுப்பு. திருப்பினால் மூன்றாண்டுக்குள் பதில் தரலாம். ஒத்திவைத்தால் கோப்பைத் திருத்தி, நேரடி ஆய்வையும் மறுபடி சந்திக்க வேண்டும். மறுப்பு வந்தால் மிக அரிதான காரணம் இன்றித் திரும்பிப் போக முடியாது. அதனால் அந்த நிழல் தெரிந்ததும் பல நாடுகள் கோப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொள்கின்றன.

இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். தென்னமெரிக்காவின் இன்கா நெடுஞ்சாலையான கபாக் ஞானை பெரு தன் தற்காலிகப் பட்டியலில் 2001இல் சேர்த்தது. ஆறு நாடுகள், 273 இடங்கள் என்று வளர்ந்து, பதிவானது 2014இல்.

ஆர்வமுள்ளவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பதிவான கோப்புகளும் அவற்றின் மீதான மதிப்பீட்டு அறிக்கைகளும் யுனெஸ்கோவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லெ கொர்புசியே கோப்பின் மீது ஐக்கோமாஸ் 2011இல் எழுதியதையும் 2016இல் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துவிட்டு, அந்தப் பெரிய தாளை விரியுங்கள்.