வண்ணம் அடிக்கும் முன் விரிசலைக் கவனியுங்கள்

வெளிச்சுவரில் விரிசல் தெரிந்தால், "புட்டி வச்சு இழுத்துட்டு ரெண்டு கோட் அடிச்சுடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி அடைமழையில் அதே இடத்தில் கோடு மறுபடியும் எட்டிப் பார்க்கும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் உள்சுவரில் ஓதம் ஏற்றும். கான்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்கும். பெயிண்டுக்குச் செலவழித்த பணமும் வீண். எனவே வேலையைத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா?

டெல்டா மண்ணின் குணம்

திருவையாறு வட்டாரத்தின் வண்டல் மண்ணில் களி கலந்த இடங்கள் பல. களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். நடுவில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இப்படி அடிமண் நனைவதும் காய்வதுமாக இருப்பதால், ஆழமில்லாத அஸ்திவாரம் அசைந்து கொடுக்கும். அந்த அசைவுதான் சில வீடுகளில் சுவர் விரிசலாகத் தெரிகிறது.

போனில் பதிவு செய்யுங்கள்

விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒரு முறை, அதே தூரத்தில் நின்று மூன்று மாதம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

• வலைபோல மெல்லிய கோடுகள், 1 மி.மீ.க்கும் குறைவு: பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தவை. காத்திருக்காமல் சரிசெய்யலாம்.
• பில்லர், பீமோடு செங்கல் சுவர் சேரும் இடத்தில் நேர்கோடு: இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. வலை வைத்துப் பூச வேண்டும்.
• ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ, படிக்கட்டு போலவோ போவது, 5 மி.மீ.க்கு மேல் அகலமானது, மாதாமாதம் வளர்வது: இதற்குப் பூச்சு வேலை போதாது. கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எடுத்து வைத்த படங்கள் அவருக்கு உதவும்.

சரிசெய்யும் முறை

1. விரிசலின் இருபுறமும் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள. பொள்ளலான சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட வேண்டும்.
2. மற்ற இடத்தில் உளியால் 'வி' வடிவில் வெட்டி அகலப்படுத்துங்கள். அப்போதுதான் கலவை உள்ளே இறங்கிப் பிடிக்கும்.
3. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசி, பாசி போகக் கழுவுங்கள்.
4. சிறிய விரிசலுக்கு வெளிச்சுவருக்கான கிராக் ஃபில்லர் போதும். பெரியதற்குச் சுவரை நனைத்து, பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவையை அடுக்கடுக்காக அழுத்திப் பூசுங்கள்.
5. பில்லர் சந்திப்பில் இருபுறமும் படியும்படி ஃபைபர் வலை அல்லது கோழிவலை வைத்துப் பூசுங்கள்.
6. சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டுங்கள். புதுப்பூச்சுக்கு 28 நாள் கழித்து பிரைமர், அதன்பின் வெளிப்புற எமல்ஷன்.

மொட்டை மாடி கைப்பிடிச் சுவரின் மேல்பக்கத்தையும், சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே தண்ணீர் இறங்கினால் கீழே செய்த வேலை நிலைக்காது.

பழைய சுண்ணாம்புச் சுவரா?

சுண்ணாம்புப் பூச்சு உள்ள பழைய வீடுகளில் சிமெண்டை ஒட்ட வைக்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் உப்புப் பூத்து, பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டு சுண்ணாம்பு, மணல் கலவையாலேயே பூசி, மேலே வெள்ளை அடிப்பதுதான் சரி.

எப்போது செய்யலாம்?

தியாகராஜர் ஆராதனை முடிந்து, பனி குறைந்த மாசி, பங்குனி நல்ல காலம். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் காய்ந்து மறுபடியும் வெடிக்கும். மழைக்காலத்தில் சுவர் காயாது.

அரசுத் திட்டங்களில் 2000-2001-க்கு முன் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு 2024-ல் திட்டம் அறிவித்தது. உங்கள் வீடு அந்த வகை என்றால், போனில் உள்ள படங்களோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் போய் விசாரியுங்கள்.