அரிசி குடித்ததா, வக்கடை குடித்ததா?

"சேர், இனி நெல்லு செய்ய ஏலாதாம். ஒரு கிலோ அரிசிக்கு ஐயாயிரம் லீற்றர் தண்ணி போகுதாம். நிபுணர்மாரெல்லாம் கூடிச் சொல்லிட்டாங்களாம்."

இதை எத்தனை பேர் வாயால் கேட்டேன் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். இறக்காமம் குளக்கட்டில் கேட்டாயிற்று, பள்ளிவாசல் ஹவ்ளடியில் கேட்டாயிற்று, கல்முனை பஸ்ஸிலும் கேட்டாயிற்று. வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவாம். விவசாயப் போதனாசிரியராக வரம்பு வரம்பாக நடந்து தேய்ந்த எனக்கே அதை அனுப்பி, "உண்மையா?" என்று கேட்கிறார்கள். பாதிதான் உண்மை. அந்தப் பாதியையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

நெல்லுக்கென்றே இருக்கும் சர்வதேச ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: ஒரு கிலோ நெல் விளைய வயலுக்குள் போகும் மழையும் பாசனமும் சேர்ந்து சராசரியாக 2,500 லீற்றர். ஒழுங்கான வயலில் 800. ஒழுங்கற்ற வயலில் 5,000க்கும் மேல். குரல் பதிவுக்காரர் அந்தக் கடைசி எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார். வகுப்பில் கடைசிப் பிள்ளையின் புள்ளியைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தையே மூடு என்பதுபோல.

அந்த 2,500ஐயும் நெல் குடித்து முடிக்கவில்லை. ஏறக்குறைய 1,400 லீற்றர்தான் ஆவியாகப் போகிறது. மீதி வரம்படியாலும் மண்ணுக்குள்ளாலும் கசிந்து வடிச்சலில் சேருகிறது. கீழ்வட்டைக்காரர் அதைத்தான் மறித்துப் பாய்ச்சுகிறார். மேலே செலவென்று எழுதியது கீழே வரவு. இது நம் வாப்பாமாருக்குத் தெரியும், கைபேசிக்குத் தெரியாது.

'நீர்த்தடம்' என்ற கணக்கை 2002இல் கொண்டுவந்தவர் நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா. மழைநீர் வேறு, குளத்தாலும் ஆற்றாலும் கிணற்றாலும் எடுத்த நீர் வேறு, உரமும் மருந்தும் கலந்த அழுக்கைக் கரைக்க வேண்டிய நீர் வேறு என்று அவருடைய குழு பிரித்தே எழுதியது. உலக நெல்லின் நீர்த்தடத்தில் பாதிக்குக் கிட்ட வெறும் மழைநீர். மாரி மழையில் விளையும் பெரும்போகத்தையும் வாய்க்காலை நம்பிக் கிடக்கும் சிறுபோகத்தையும் ஒரே எண்ணால் அளக்கிறவரோடு எனக்குப் பேச்சில்லை. அதே கணக்கில் மாட்டிறைச்சி கிலோவுக்கு 15,400 லீற்றர். அதைச் சொல்லிக் கல்யாண வீட்டில் சஹனைத் தள்ளிவைத்த ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை.

நிபுணர்கள் கூடிய கதைதான் வேண்டுமென்றால் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் நீர்ப்பாசனத் திணைக்களமும், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் ஒன்றாக இறங்கின. அங்கிருந்து வந்த நோர்மன் அப்ஹொஃப் பொறியியலாளர் அல்லர், அரசியல் விஞ்ஞானி. இளம் பட்டதாரிகள் கிராமங்களிலேயே தங்கி விவசாயிகளைக் கூட்டிப் பேசவைத்தார்கள். தலைமடையில் சிங்களவர், கடைமடையில் தமிழ் பேசுகிறவர்கள். நாட்டிலேயே மோசமான திட்டம் என்று பெயரெடுத்த இடம் அது. கொங்கிறீற் வேலை தொடங்கும் முன்னரே விவசாயிகள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் பகிர்ந்து, மிஞ்சியதைக் கீழே விட்டார்கள்.

1997 சிறுபோகம் வந்தது. நெல்லுக்குப் போதிய தண்ணீர் கல்லோயாவின் பெருங்குளமான சேனநாயக்க சமுத்திரத்தில் இல்லை என்று சொல்லப்பட்டது. விவசாயிகள் பயிர் வைத்தார்கள். இருந்த தண்ணீரைச் சிக்கனமாக, மேல் கீழ் பாராமல் பங்கிட்டு ஏறக்குறைய 65,000 ஏக்கரில் வழக்கத்தைவிட நல்ல விளைச்சல் கண்டார்கள். அப்ஹொஃபும் சக ஆய்வாளர் விஜயரட்னவும் 2000இல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதிவைத்தார்கள். அதே நெல்தான், அதே மண்தான். மாறியது வக்கடையைக் கட்டிய கை. நெல்லை விட்டுவிடு என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

"கடலுக்குப் போற தண்ணி வீண்" என்பது இன்னொரு பேச்சு. ஆற்றுநீர் வராவிட்டால் களப்பு மீன் எங்கே இருக்கும்? நம் கரையோரத்துக் கிணறுகளும் மணலுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீரை நம்பி நிற்பவை. 2004 சுனாமிக்குப் பிறகு அவற்றை மீட்டது பெரும்பாலும் மழைதான். அவசரப்பட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் உப்பு இன்னும் ஏறியது.

பைப்பைத் தாராளமாகத் திறந்துவிட்டால்தான் தொழுகைக்கான வுழு நிறைவாகும் என்கிறவர்களும் அதைப் பற்றி ஹதீஸில் உள்ள அளவைப் பார்க்கட்டும். 'முத்து' என்ற அளவையில் ஒன்று. ஒரு லீற்றருக்கும் குறைவு.

"வயல் நிறையத் தண்ணி நிண்டாத்தான் நெல்லு" என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. நிற்கும் தண்ணீர் புல்லை அமுக்கும், கூலி மிச்சம். ஆனால் நெல்லுக்கு அது எந்நாளும் வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் 30 வீதம் வரை தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம், விளைச்சல் குறையாது என்று காட்டியாயிற்று.

இதற்காக நான் ஊரெல்லாம் நச்சரிக்கும் சாமான் ஒன்று இருக்கிறது. ஓரடி நீளமான நாலங்குலப் பிவிசி குழாய்த் துண்டு. ஹாட்வெயார் கடையில் கழிவாகவே கிடைக்கும். கீழ்ப்பாதியில் துளை போட்டு, வரம்போரமாக வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். நட்டோ விதைத்தோ பயிர் வேர்பிடித்த பிறகு தினமும் எட்டிப் பாருங்கள். குழாய்க்குள் தண்ணீர் வயல் மட்டத்திலிருந்து அரையடி கீழே இறங்கும்வரை வக்கடையைத் தொடாதீர்கள். இறங்கினால் இரண்டங்குலம் பாய்ச்சுங்கள். கதிர் பூக்கும் நாட்களில் மட்டும் குழாயை மறந்துவிட்டு, அந்த இரண்டங்குலத்தை அப்படியே நிறுத்தி வையுங்கள்.