கோர்தோபா மசூதி-பேராலயம் பார்க்கப் போகிறீர்களா?

ஸ்பெயினின் கோர்தோபா நகரில் உள்ள இந்தக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் 'மெஸ்கித்தா' என்கிறார்கள். 785-86இல் மசூதியாகக் கட்டத் தொடங்கினார்கள். 1236 முதல் கத்தோலிக்க ஆலயமாக இருக்கிறது. மனம்போனபடி சுற்றினால் 850-க்கும் மேற்பட்ட தூண்களும் ஒரே மாதிரிதான் தெரியும். கட்டிய வரிசையிலேயே நடந்து பார்த்தால், எந்தப் பகுதி யார் காலத்தது என்பது எளிதில் பிடிபடும்.

1. திங்கள் முதல் சனி வரை காலை 8.30-லிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கட்டணமில்லாமல் உள்ளே விடுவது வழக்கம். அப்போது குழுவாகப் போக முடியாது, சத்தம் போடக் கூடாது. ஞாயிறு திருப்பலிக்காகப் பார்வையாளர்களை நிறுத்திவிடுவார்கள். பண்டிகை நாட்களில் நேரம் மாறும் என்பதால் ஆலயத்தின் இணையதளத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

2. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போக மார்ச், அக்டோபர் மாதங்கள் நல்லவை. மே மாதம் வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளால் அலங்கரிக்கும் திருவிழா நடக்கும். அப்போது போவதானால் அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

3. பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், விடுதியிலேயே வைத்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

4. ஆரஞ்சு மர முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. மணிக்கூண்டு ஏற விரும்பினால் முதல் வேலையாக அதற்குச் சீட்டு வாங்குங்கள். அது தனிச் சீட்டு. குறித்த நேரத்துக்குத்தான் விடுவார்கள். 54 மீட்டர் உயரமுள்ள அந்தக் கூண்டுக்குள்ளேயே 10-ஆம் நூற்றாண்டின் பழைய மினாரா இருக்கிறது. படிகள் ஏராளம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம்.

5. முற்றத்தை ஒட்டிய வடமேற்குப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஊரை ஆண்ட அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டியது இதுதான். தூண்கள் பழைய ரோமானிய, விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. அவை குட்டையாக இருந்ததால் கூரையை உயர்த்த வளைவின் மேல் வளைவாக இரண்டு அடுக்கு கட்டினார்கள். தூண்களின் தலைப்பகுதி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் குழந்தைகளுக்கு அலுப்புத் தட்டாது.

6. அதே பகுதியில் தரையில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பாருங்கள். மசூதிக்கும் முந்திய கட்டடம் ஒன்றின் மொசைக் தளம் தெரியும். இங்கே முன்பு புனித வின்சென்ட் தேவாலயம் இருந்தது என்பது மரபு.

7. அங்கிருந்து நேராகத் தெற்கே நடந்தால், தொழும் திசையைக் குறிக்கும் மாடமான மிஹ்ராப். கலீஃபா இரண்டாம் அல்-ஹகம் 960-களில் கட்டுவித்தது. இதன் பொன் மொசைக் வேலைக்குக் கைவினைஞரையும் சில்லுகளையும் அனுப்பி உதவியவர் பைசாந்தியத்தின் கிறிஸ்தவப் பேரரசர். கம்பித் தடுப்புக்கு முன் எப்போதும் கூட்டம் இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் தலைக்கு மேலே உள்ள குவிமாடத்தைப் பாருங்கள்.

8. அடுத்து கிழக்குப் பகுதி. தெற்கே ஆறு குறுக்கிட்டதால், 987 வாக்கில் அமைச்சர் அல்-மன்சூர் பக்கவாட்டில் விரிவுபடுத்தினார். அதனால்தான் மிஹ்ராப் இன்று நடுவில் இல்லை. பழைய பகுதி வளைவுகளில் சிவப்பு என்பது செங்கல். இங்கே பெரும்பாலும் கல்லின் மேல் பூசிய வண்ணம். பக்கத்தில் போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. பேராலயத்தின் நடுக்கூடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மசூதியின் நடுப்பகுதியை இடித்து 1523-இல் இதைத் தொடங்கினார்கள். நகரசபை எதிர்த்தது, மன்னர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி தந்தார். மரச் செதுக்கு வேலை நிறைந்த பாடகர் இருக்கைகளைத் தவறவிடாதீர்கள். நடந்து களைத்தவர்கள் இங்குள்ள பெஞ்சுகளில் உட்கார்ந்து ஆற அமரப் பார்க்கலாம்.

10. உள்ளே தொழுகைக்கு அனுமதி இல்லை, காவலர்கள் தடுப்பார்கள். தொழ விரும்புகிறவர்களுக்கு ஊருக்குள் கொலோன் பூங்காவில் மொராபிட்டோ என்ற சிறிய மசூதி இருக்கிறது. திருப்பலி நடக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

11. வெளியே வந்ததும் ரோமானியப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போங்கள். தாழ்ந்த மசூதிக் கூரையின் நடுவிலிருந்து பேராலயம் எழுந்து நிற்பது அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும்.

12. மதிய உணவு பெரும்பாலும் 2 மணியை ஒட்டித்தான். இந்த ஊரின் பெயர்பெற்ற தக்காளிக் கூழான சல்மொரேஹோவில் மேலே பன்றி இறைச்சியும் முட்டையும் தூவுவார்கள். வேண்டாதவர்கள் 'சின் ஹாமோன், சின் உவேவோ' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவலைக் கேட்டு வாங்கலாம்.